வாசலோடு நின்ற பூங்கொத்து

எங்கள் உலர்தாவரக் காப்பகத்தில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயரெழுதி, அலமாரியில் அடுக்குவது நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியரின் வேலை. புதிதாகப் பறித்த பூ எதுவும் அங்கே கதவைத் தாண்டக் கூடாது. அதில் ஒளிந்து வரும் ஒரு பூச்சி போதும், அலமாரியில் உள்ள செடிகளெல்லாம் அரிபட்டுத் தூளாகிவிடும். இதில் அக்கா முகதாட்சண்யமே பார்க்க மாட்டார். இயக்குநரின் பிறந்தநாள் ரோஜாவையே பிடுங்கி வெளியே வைத்தவர். எங்களுக்கு அந்தக் கெடுபிடி எரிச்சலாகத்தான் இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து, வெகுநாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் நல்ல மழை. கணவரோடு காரிலிருந்து இறங்கியவர் திகைத்துப்போனார். இயக்குநர் முதல் கூட்டிப் பெருக்குபவர் வரை அத்தனை பேரும் ஒரு பெரிய பூங்கொத்தோடு வாசலில் குடை பிடித்து நின்றிருந்தோம்.

"உள்ள நிக்க வேண்டியதுதானே? எல்லாரும் ஏன் நனையறீங்க?"

"பூவோட உள்ள வந்தா நீங்க விடுவீங்களாம்மா?" என்றார் இயக்குநர்.

"நான்தான் இத்தன நாளா இல்லையே!"

"நீங்க இல்லாதப்பவும் யாரும் கொண்டு போகலக்கா" என்றேன்.

அக்கா பூங்கொத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இதத்தான் நெனச்சுக் கவலப்பட்டேன். எல்லாரும் நல்லா இருப்பீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூங்கொத்தை வீட்டுக்கு எடுத்துப்போகும்படி கணவரிடம் கொடுத்தார். பிறகு தன் தோளில் ஒட்டியிருந்த ஒற்றை இதழையும் எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுத்தான் படியேறினார்.