சிவப்புப் பெயிண்ட் பூசிய வள்ளம்

நெய்யாறு கடலில் சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே, காயலில்தான் அண்ணன் தன் என்ஜின் வள்ளத்தைக் கட்டிப்போடுவான். தண்ணீரிலேயே கிடப்பதால் மூன்று மாதத்துக்குள் அதன் அடியில் சிறுசிறு சிப்பிகள் அப்பிக்கொள்ளும். வள்ளம் நகராது, மண்ணெண்ணெயை மட்டும் குடிக்கும். கரையேற்றிச் சுரண்டிச் சுரண்டி அவன் உள்ளங்கை கிழிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், துறைமுகத்தில் வேலை பார்த்த கூட்டாளி கொடுத்ததாக ஒரு டிரம் சிவப்புப் பெயிண்ட் கொண்டுவந்தான். பெரிய கப்பல்களின் அடியில் பூசுவதாம். டிரம்மில் மண்டையோடு வரைந்திருந்தது. அப்போது நான் ப்ரீ-டிகிரி படித்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்த பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"அண்ணா, இதில வெள்ளீயம் உண்டு. விஷம்ணு போட்டிருக்கு."

"பிஸ்கட் டப்பாலயும் அதைத்தானே பூசுதான்? தின்னவன் எவன் செத்தான்? நீ பேடிக்காத மக்கா, பயப்பட ஒண்ணும் இல்ல."

டப்பாவில் பூசுகிற வெள்ளீயம் சாது என்பதும், ஒட்டவரும் உயிர்களைக் கொல்வதற்கென்றே மாற்றிச் செய்த வெள்ளீயம் வேறு என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை.

பூசிய அன்று அவன் கண்கள் சிவந்து நீர் வடிந்தது. கைகளில் கொப்புளம். பிரஷ்ஷைக் காயலிலேயே கழுவினான். ஆனால் அடுத்த மழைக்காலம் வரை வள்ளத்தின் அடியில் ஒரு சிப்பிகூட ஒட்டவில்லை. பார்த்தவர்களெல்லாம் கேட்டு வாங்கிப் பூசினார்கள். இரண்டாம் வருடம் காயலில் பாதி வள்ளங்களின் அடி சிவப்பாகிவிட்டது.

அண்ணன் மனைவி, என் மைனி, இடுப்பளவு தண்ணீரில் நின்று கக்கா வாருவாள். காயல் மட்டியைத்தான் நாங்கள் கக்கா என்போம். அவித்துச் சதையெடுத்துத் திருப்புறம் சந்தையில் விற்பாள். முதலில் கண்டது அவள்தான்.

"கரைவேரில இருந்த நத்தை ஒண்ணையும் காணல்ல. கக்காக்கு ஓடு தடிச்சிருக்கு, உள்ள சதை கொஞ்சந்தான்."

"மழை இல்லாம உப்பு கூடிப்போச்சு. அதாக்கும்," என்றான் அண்ணன்.

அன்றிலிருந்து மைனி எங்கள் சாப்பாட்டுக்குக் கக்கா வைக்கவில்லை. சந்தைக்குக் கொண்டுபோவதை மட்டும் நிறுத்தவில்லை. நானும் கேட்கவில்லை. அது பெயிண்டின் வேலை என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாம் வருடம் பழைய பெயிண்டைச் சுரண்டியபோது அண்ணன் முகத்தில் துவர்த்துத் துண்டுகூடக் கட்டவில்லை. சிவப்புத் தூசி அவன் புருவத்திலெல்லாம் படிந்திருந்தது. மறுநாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் டிரம்மிலிருந்து எழுதிவைத்திருந்த தாளை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இனி இதைத் தொடக்கூடாது. சுரண்டின பொடி காயலில் விழுந்ததா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அதன்பிறகு அவன் அந்தப் பெயிண்டைத் தொடவில்லை. இருமல் மட்டும் போகவில்லை. மற்றவர்கள் பூசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த வாரம் மைனியோடு நானும் சந்தைக்குப் போனேன். வாடிக்கைக்காரி ஒருத்தி பாத்திரத்தோடு வந்தாள்.

"மகளுக்கு இது ஏழாம் மாசம். கக்கா வேணும்ணு ஆசைப்பட்டுக் கொதி பிடிச்சு நிக்கா. நல்லதாப் பாத்துத் தா."

மைனி சட்டென்று இலையை இழுத்துக் கூடையை மூடினாள்.

"இண்ணைக்கு இல்ல, அக்கா."

"மூடி வச்சிருக்கியே?"

"இது கெட்டுப்போச்சு."

திரும்பும் வழியில் ஒரு தென்னை மூட்டில் குழி பறித்துக் கூடையில் இருந்ததையெல்லாம் கொட்டி மண்ணைத் தள்ளினாள். அதற்குமுன் வாங்கிப்போன முகங்களை அவள் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். நானும் அவற்றைத்தான் நினைத்தேன். அதன்பிறகு அவள் காயலில் இறங்கவில்லை.