எண்ணி மாட்டிய எட்டு வயர்கள்

1993 நவம்பர் 9, காலை 10.40 மணி, தூறல். பாம்பன் ஐஸ் ஆலையில் கட்டுப்பாட்டுப் பெட்டி ஓடவில்லை; பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சிப்பின் சிக்னல்களைத் திரையில் காட்டும் லாஜிக் அனலைசரின் எட்டு வயர்களையும் எண்ணி, பெட்டியின் மைக்ரோபிராசசர் சிப்பில் மாட்டினேன். சிப் படிக்கும் கட்டளைகள் திரையில் வரிவரியாக வர வேண்டும், வந்ததெல்லாம் உளறல்.

"ஆபரேட்டர் உப்புக் கையால் சிப்பைக் கெடுத்துவிட்டான்!" என்று கத்தினேன். முதலாளி உடனே ஆபரேட்டர் முனியசாமியை வேலையைவிட்டு நிறுத்தினார். புதுச் சிப் போட்டேன். அதே உளறல்.

வாசலில் நின்ற முனியசாமி சொன்னார்: "சார், வயர் கலர் அட்டையில போட்ட மாதிரி இல்லயே. பச்சையும் நீலமும் மாறிக் கெடக்கு."

அந்த இரண்டு வயர்களையும் மாற்றி மாட்டினேன். திரும்பப் போட்ட பழைய சிப்பும் ஒழுங்காகவே கட்டளை படித்தது. பெட்டிக்கு வரும் உப்பரித்த சென்சார் வயர்தான் பழுது.

"நிறுத்துனது நிறுத்துனதுதான்" என்றார் முதலாளி.

"அப்ப உம்ம பெட்டியும் ஓடாதுய்யா!" என்றேன் நான்.

என் கூலியைப் பிடித்துக்கொண்டுதான் முதலாளி முனியசாமியைத் திரும்பச் சேர்த்தார். எண்ணிய நான் வரிசையைப் பார்க்கவில்லை. இன்றும் என்மீதே ஆத்திரம். சிப் 220, கூலி 450. ஆக எனக்கு நட்டம் 670 ரூபாய்.