பத்து வருஷக் கேஸ் எங்கள் கோர்ட்டுக்கு வந்த நாள்

இன்னும் அரை மணி நேரத்தில் கோர்ட் உட்காரும். அன்றைய கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆரணி மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அப்போது நான் பெஞ்ச் கிளார்க்.

அன்று குற்றச்சாட்டு பதிவாக வேண்டிய கேஸ், பூங்கொடியுடையது. சாயப்பட்டறையில் வேலை பார்த்தவள். வேறு பட்டறைக்கு மாறினாள் என்ற ஆத்திரத்தில் பழைய முதலாளி அவள் முகத்தில் ஆசிட்டை வீசினான். போலீஸ் போட்டிருந்த செக்‌ஷனுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம், அல்லது வெறும் அபராதம். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தோடு வீட்டுக்குப் போகப் போகிறான் என்று அவன் வக்கீல் முந்தின நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

கட்டின் கடைசியில் ஒரு டாக்டர் ரிப்போர்ட் இருந்தது. சம்பவம் நடந்து ஒரு மாதம் கழித்து வந்தது. இடது கண்ணில் பார்வை நிரந்தரமாகப் போய்விட்டது என்று எழுதியிருந்தார்கள். ஆசிட்டால் நிரந்தர ஊனம் என்றால் குறைந்தது பத்து வருஷம். அதை விசாரிக்கவே எங்கள் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது.

ரிப்போர்ட்டோடு நேராக மாஜிஸ்ட்ரேட்டின் சேம்பருக்குப் போனேன். மாஜிஸ்ட்ரேட் புதிதாக வந்த இளம் பெண்.

"அம்மா, இது நம்ம கோர்ட்டு கேஸ் இல்லீங்க."

வாங்கி இரண்டு முறை படித்தார். போலீஸ் ஆஸ்பத்திரியில் முதல் நாள் கொடுத்த காயச் சர்டிபிகேட்டை மட்டும் வைத்துச் செக்‌ஷன் போட்டிருப்பார்கள் என்றேன். அவர் சட்டப் புத்தகத்தை எடுத்தார்.

கோர்ட்டில் முதலாளி கூண்டில் ஏறி, ஒப்புக்கொள்வதாகச் சொன்னான். மாஜிஸ்ட்ரேட் அவனை நிறுத்தச் சொல்லி, கேஸைச் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். போலீஸ் போடாத செக்‌ஷனை எப்படிப் போடலாம் என்று வக்கீல் எழுந்தார்.

"போலீஸ் என்ன எழுதுனாங்கன்றது முக்கியம் இல்லீங்க. இந்தக் காகிதங்கள்ல என்ன குற்றம் தெரியுதோ, அதுதான் எந்தக் கோர்ட்டுன்னு முடிவு பண்ணும்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

வராந்தாவில் பூங்கொடி அழுதுகொண்டிருந்தாள். "என் கேஸ தள்ளிட்டாங்களா சார்?"

இல்லை, மேலே ஏற்றியிருக்கிறார்கள் என்றேன். இந்தக் கோர்ட் மூன்று வருஷம் வரைக்கும்தான் தண்டிக்கலாம், தலைமை மாஜிஸ்ட்ரேட் ஏழு வருஷம் வரைக்கும். செஷன்ஸ் கோர்ட் ஆயுள், தூக்கு வரைக்கும் கொடுக்கலாம், தூக்கை மட்டும் ஹைகோர்ட் உறுதி செய்ய வேண்டும் என்று விளக்கினேன். அழுகை நின்றது. செஷன்ஸ் கோர்ட் இருக்கும் திருவண்ணாமலைக்கு எந்த பஸ் என்று கேட்டாள்.

செஷன்ஸ் கோர்ட்டில் தீர்ப்பு வந்த மறுநாள் அவளே வந்தாள். நேராக என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"பத்து வருஷம் சார். அந்த வக்கீல் குடைஞ்சி குடைஞ்சி கேட்டாரு. நான் அந்தாளையே பாத்துகினு எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். அவன்தான் தலைய குனிஞ்சிகினான்."

ஆபீஸில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாஜிஸ்ட்ரேட்டிடம் போய்ச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்தக் கோர்ட்டுக்கு எவ்வளவு அதிகாரம் என்ற பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்காதீர்கள். அதற்குள்ளே ஒருவருடைய நியாயம் இருக்கிறது.