காயித் கடை வாசல் ஃபிரிட்ஜ்

நெரேய்தாவுக்கு அருவருப்பு சுலபத்தில் வராது. பிராங்க்ஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். ரத்தமும் சீழும் மலமும் தோய்ந்த விரிப்புகளைப் பிரித்து எந்திரத்துக்குள் தள்ளிவிட்டு, கையைக் கழுவி, அப்படியே உட்கார்ந்து சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிடுவாள். நோயாளி வேண்டுமென்றா அழுக்காக்குகிறான் என்பாள். முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு, காயித் கடை வாசலில் இருந்த ஃபிரிட்ஜைத் துடைக்கப் போனபோதுதான் அருவருப்பு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த ஃபிரிட்ஜ் தெருவுக்கே பொது. யார் வேண்டுமானாலும் வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கொரோனா வருஷத்தில் சில இளவட்டங்கள் கொண்டுவந்து நிறுத்தி மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். கரண்ட் ஏமன்காரர் காயித்தின் கடையிலிருந்து வந்தது. பெயின்ட் அடித்தவர்கள் ஒவ்வொருவராக வேறு ஊர், வேறு வேலை என்று கலைந்துபோனார்கள். ஒருநாள் பால் வாங்கப் போன நெரேய்தா, கதவிடுக்கில் எதுவோ வழிந்து காய்ந்திருப்பதைப் பார்த்துச் சகிக்காமல் வீட்டுக்குப் போய் வாளியும் ப்ளீச்சும் எடுத்துவந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அதுவே வேலையாயிற்று.

நல்லதும் வரும். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி முட்டை அட்டைகளைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள். ஆனால் பல் தடம் தெரியக் கடித்த பீட்சாவும் வந்தது. யாரோ நக்கிய ஸ்பூனோடு திறந்த டப்பாவில் உருளைக்கிழங்கு சாலட் வந்தது. பூசணத்தை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, மிச்ச ரொட்டியை அழகாகப் பையில் சுற்றி வைத்திருந்தார்கள்.

"இத வச்சவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கியிருப்பான், பாப்பி. தர்மம் பண்ணிட்டோம்னு," என்றாள் நெரேய்தா, ரொட்டியை இரண்டு விரலால் தூக்கி. கடைக்காரர்கள் எல்லோரும் அவளுக்குப் பாப்பிதான்.

காயித் கல்லாவிலிருந்தே சொன்னார்: "குப்பைத்தொட்டி இந்தா இருக்கு. அதுல போட்டா மனசு குத்துது. இதுல போட்டா குத்தல."

தவக்காலம் தொடங்கியதும் கோழி வர ஆரம்பித்தது. வியாழக்கிழமைதோறும் அதிகாலையில் யாரோ தட்டுத்தட்டாகக் கோழிக்கால் வைத்தார்கள். மேலே புது பிளாஸ்டிக் தாள். தேதி போட்ட ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டியிருந்தது. தாளைக் கிழித்தால் கறி பசையாக வழுக்கியது. நாற்றம் மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தனையையும் குப்பையில் கொட்டுவாள். ஒரு வியாழக்கிழமை முட்டி வீங்கி அவளால் நேரத்துக்கு இறங்க முடியவில்லை. வந்து பார்த்தபோது ஃபிரிட்ஜ் காலியாக இருந்தது.

மறுநாள் தோன் எஃப்ரைன் காப்பி குடிக்க வரவில்லை என்று காயித் சொன்னார். 'தோன்' என்பது வயசுக்குத் தரும் மரியாதை. எஃப்ரைன் தனியாள், டாக்ஸி ஓட்டி ஓய்ந்தவர். இஸ்திரி போடாத சட்டையோடு யாரும் அவரைத் தெருவில் பார்த்ததில்லை. நெரேய்தா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அவர் வீட்டு மாடியேறினாள். கதவு திறந்தே கிடந்தது. கிழவர் குளியலறைத் தரையில், தன் வாந்தியிலும் பேதியிலும் சுருண்டிருந்தார். பனியன் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு, துண்டை நனைத்து அவரைத் துடைத்துவிட்டாள். அதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான்.

"அந்தக் கோழியா?"

தலையாட்டினார்.

"நாறலையா உங்களுக்கு?"

"நாறுச்சு."

"அப்புறம் எதுக்குத் தின்னீங்க?"

"எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவினேன். பூண்டு நிறையத் தட்டிப் போட்டேன்." மூச்சு வாங்கினார். "யாரோ குடுத்தது, நெரேய்தா. வாங்கித் திங்கிறவன் மூக்கச் சுளிச்சா நல்லாவா இருக்கும்?"

வாந்தி நாற்றம் உறைக்காத அவளுக்கு அந்தப் பேச்சைக் கேட்கத்தான் சகிக்கவில்லை. சிங்க்கில் துண்டை அலசிப் பிழிந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை விடியும் முன்பே காயித் கடைக்குள் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தாள். விடிகிற நேரத்தில் தள்ளுவண்டியோடு வந்தது இலுமினாதா. நெரேய்தாவின் மகள் யாரிட்சாவுக்கு ஞானத்தாய். கோயிலில் ஏழைகளுக்கான உணவுக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவள். பூசை முடிவில் பாதர் அவள் பெயரைச் சொல்லிப் புகழாத ஞாயிறு குறைவு.

நெரேய்தா வெளியே வந்தாள்.

"கொமாய், நீயா?" என்று சிரித்தாள் இலுமினாதா. ஞானத்தாயும் பெற்ற தாயும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நல்ல வேளை. இந்தத் தட்ட கொஞ்சம் பிடி."

"எங்கேர்ந்து இது?"

"கிடங்குலேர்ந்துதான். நல்லதெல்லாம் நம்ம கோயில் பங்குக்காரங்களுக்குப் போயிடும். மிஞ்சினது அங்கேயே ஐஸ் பெட்டிக்கு வெளில கிடக்கும். வீணாப் போகக்கூடாதில்ல?"

"தேதிய எதுக்குச் சுரண்டின?"

"தேதியப் பாத்தா எடுக்க மாட்டாங்க."

குடை எதற்கு என்று கேட்டால் மழைக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"எஃப்ரைன் செத்துப் பொழச்சு ஆஸ்பத்திரில கிடக்காரு. தெரியுமா?"

"அந்த மனுஷன் எதுக்கு அத்தனையையும் ஒத்தையா அள்ளிட்டுப் போனாராம்? பேராசை." இலுமினாதா ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தாள். "பசிச்சுக் கிடக்கிறவங்க வயிறு கெட்டி, கொமாய். உனக்கும் எனக்கும் மாதிரியா?"

நெரேய்தா ஒரு தட்டை எடுத்துத் தாளைக் கிழித்தாள். அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தா. இன்னைக்கு உம் பேரனுக்கு ஆக்கிப் போடு."

இலுமினாதா சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மூக்க மூடுறியே. உனக்கு மூக்கு இருக்கில்ல?"

கடைக்குக் காப்பி வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "பூசைக்கு வர்றத நிறுத்தினதுலேர்ந்தே உன் வாயில கசப்புதான்," என்று சொல்லிவிட்டு, வண்டியை விட்டுவிட்டே நடந்தாள் இலுமினாதா.

நெரேய்தா அந்த வண்டியைக் கோயில் வரைக்கும் நொண்டிக்கொண்டே தள்ளிப் போனாள். பாதரின் மேசைமேல் தட்டுகளை அடுக்கினாள். அவர் அவசரமாக எழுந்து ஜன்னலைத் திறந்தார். "நல்ல எண்ணத்துல செஞ்சிருப்பாங்கம்மா" என்றார். தட்டுகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு இலுமினாதாவைப் பீடத்துக்கு முன்னால் அழைத்து, இத்தனை வருஷச் சேவைக்கு நன்றி, இனி ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிப் பூங்கொத்து கொடுத்தார்களாம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். கோழியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. போனில் சொன்ன யாரிட்சா அழுதாள். "என் ஞானத்தாயத் தெருவுல வச்சு அசிங்கப்படுத்திட்டியே, மம்மி. நான் எப்படி அவங்க முகத்துல முழிப்பேன்?"

"கைதட்டினியா நீ?"

நெரேய்தா போனை வைத்துவிட்டாள். இருவரும் மறுபடி பேச வெகுநாள் ஆயிற்று.

கோழி நின்றது. மற்றது எதுவும் நிற்கவில்லை. பாதி தின்ற டூனா டப்பா முள்கரண்டியோடு வந்தது. ஒருநாள் யாரோ குழந்தை துப்பிய கஞ்சிக் கிண்ணத்தைக்கூட வைத்திருந்தார்கள். அவள் திட்டிக்கொண்டே துடைத்தாள்.

எஃப்ரைன் திரும்பி வந்தபோது கழுத்துக்காலர் தொளதொளவென்று நின்றது. ஃபிரிட்ஜ் பக்கம் அவர் வரவேயில்லை. நெரேய்தா தான் ஆக்கிய சோற்றையும் பன்றிக்கறியையும் தட்டில் போட்டு மூடி மாடிக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். கிழவர் நன்றி சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவளை ஓரக்கண்ணால் பார்த்தபடி, மெதுவாகக் குனிந்து தட்டை முகர்ந்து பார்த்தார்.

"நல்லா மோந்து பாருங்க," என்றாள் நெரேய்தா.

"பூண்டு பத்தல," என்றார் அவர்.