ஒரு வரிசை வாழை

ரெஹானாவுக்கு வாய் நீளம். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை போகிற வழியில், எங்கள் தென்னந்தோப்பை அடுத்த வாழைத் தோட்டம் அவளுடையது. புருஷன் அஷ்ரப்புக்குக் கேரளத்தில் கடை, விவசாயம் முழுக்க இவள்தான். வரப்பில் நின்று அவள் போடுகிற சத்தம் என் தோப்புவரை கேட்கும். கேட்டால் எரிச்சல் வரும். கேட்காவிட்டால், உடம்பு சரியில்லையோ என்று எட்டிப் பார்ப்பேன்.

அவளுக்குக் கீழ்த்தோட்டம் ஈஸ்வரபாண்டியுடையது. ரெஹானாவின் போர்வெல் தண்ணீர் ஒரே உப்பு. அதனால் ரம்ஜான் மாதம் முழுக்க அவள் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு ஈஸ்வரபாண்டியின் கிணற்றுத் தண்ணீர்தான். அவரே வண்டியில் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார். அவள் மாமனார் காலத்திலிருந்து இப்படித்தான்.

போன ஐப்பசியில் அது கெட்டது. வாழை குலை தள்ளப்போகிற நேரம். மழைக்கு முன்னால் உரத்தை வைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டு, யூரியாவையும் பொட்டாஷையும் அள்ளி வைத்தாள். அன்றைக்கே மழை கொட்டியது. தண்ணீர் நின்றால் வேர் அழுகுமே என்று கீழ்த்தோட்டத்து வழியே போகிற வடிகாலைத் திறந்துவிட்டாள். உரமெல்லாம் கரைந்து ஓடி, கரை உடைந்திருந்த இடத்தில் ஈஸ்வரபாண்டியின் கிணற்றுக்குள் இறங்கியது. கொஞ்ச நாளில் கிணறு பாசி பிடித்து நாறிப்போனது.

ஈஸ்வரபாண்டி சண்டைக்கு வரவில்லை. மணல் மூட்டைகளை அடுக்கி வடிகாலை அடைத்துவிட்டார்.

அடுத்த மழைக்கு ரெஹானாவின் தோட்டத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றது. இலைகள் மஞ்சளடிக்கத் தொடங்கின. அவளுடைய வருஷமே அந்தக் குலைகளை நம்பித்தான் இருந்தது. ஒரு பெண்பிள்ளை வயிற்றில் அடிக்கிறாரே இந்த மனிதர் என்று எனக்குக் கோபம். நானும் அவளோடு போனேன்.

“என்னண்ணே, பயிரு சாகுறத வேடிக்கை பாக்குறீகளா?” என்று ஆரம்பித்தாள்.

அவர் ஒரு வாளி தண்ணீர் இறைத்து அவள் முன்னால் வைத்தார். “கன்னுக்குட்டி மோந்து பாத்துட்டுத் திரும்பிருச்சு தாயி. நாங்க கேன் தண்ணி வாங்கிக் குடிக்கிறோம். மாசியில ஒனக்கு நோம்பு வருது. கஞ்சிக்கு இதையா கொண்டாந்து எறக்கச் சொல்லுற?”

ரெஹானா குனிந்து வாளித் தண்ணீரை மோந்து பார்த்தாள். திரும்பும்போது வரப்பில் உட்கார்ந்து அழுதாள். பாவமாக இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அரிவாளோடு தோட்டத்தின் கீழோரம் இறங்கினாள். பூ விட்டு நின்ற ஒரு வரிசை மரங்களைத் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்தாள்.

“அடி கிறுக்கி, குலை தள்ளுற மரத்தையா வெட்டுற?” என்று கத்தினேன்.

“மிச்சத்தக் காப்பாத்தணும்ல அக்கா. தண்ணி இங்கன நின்னு தெளிஞ்சு, பெறகு போகட்டும்.”

வெட்டின இடத்தில் ஆள் வைத்து நீளமாகக் குழி எடுத்து, சேம்பும் கோரையும் நட்டாள். தோட்டத்துத் தண்ணீர் அதில் தேங்கி, வண்டலையும் உரத்தையும் அங்கேயே விட்டுவிட்டு மெதுவாக வழிய வேண்டும். ஈஸ்வரபாண்டி வந்து பார்த்தார். வடிகாலை அடைத்திருந்த மூட்டைகளை எடுத்துப்போய், கிணற்றோரம் உடைந்திருந்த கரையில் அடுக்கினார்.

தண்ணீர் வடிந்தது. சில மரங்கள் போயின, மற்றவை தேறின. இப்போதெல்லாம் மேகம் கூடினால் அவள் உரமூட்டையைத் தொடுவதில்லை. வைப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைக்கிறாள். குலைகள் முன்னைவிடத் திரட்சியாக வந்ததை அவளே ஊரெல்லாம் சொல்லியாயிற்று, நான் வேறு சொல்ல வேண்டுமா?

தை மாதம் ஈஸ்வரபாண்டி கிணற்றை இறைத்துத் தூர் எடுத்தார். புதுத்தண்ணீர் ஊறியது. ஆனால் கஞ்சிக்குத் தருவாரா என்று கேட்க ரெஹானாவுக்கு வாய் வரவில்லை.

முதல் நோன்பன்று சாயங்காலம் கேன் தண்ணீரை உலையில் ஊற்றி, அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம். ஈஸ்வரபாண்டி குடத்தை இறக்கி வைத்தார்.

“டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாத்தாச்சு, நல்ல தண்ணிதேன். நாங்களும் ஒரு வாரமா குடிக்கிறோம்.”

ரெஹானா உலையை இறக்கி, அந்தத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். குடத்துத் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். ஊரையே பேசி ஜெயிக்கிறவளுக்கு அன்றைக்கு ஒரே ஒரு பேச்சுத்தான் வந்தது.

“இருங்கண்ணே, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க.”