நான் கருகவிட்ட குக்கி

குழித்துறையில் ஒரே மதிலுக்குள் எங்களுக்கு இரண்டு வீடுகள். முன் வீட்டில் நாங்கள். பின் வீடு என் கணவரின் தம்பிக்கு உரியது. அவரும் மனைவியும் ஒன்பது வருடம் மஸ்கட்டில் இருந்ததால் அது பூட்டியே கிடந்தது. வாரத்துக்கு ஒருநாள் நான்தான் திறந்து, பெருக்கி, ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு வருவேன். அங்கே கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது தம்பிக்கு வேலை போயிற்று. போன வருடம் பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் இருவரும் ஊர் திரும்பினார்கள். அவர்கள் சாமான்களோடு ஒரு பெரிய ஓவனும் வந்து இறங்கியது. இரண்டு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்துத் தூக்கிக்கொண்டு என் வாசலைக் கடந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதுவரை எங்கள் சபையில் கேக் என்றால் நான்தான். என்னிடம் இருந்தது அலுமினியத்தில் செய்த வட்ட ஓவன், மேலே கண்ணாடி மூடி. கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டே இருபது கிறிஸ்துமஸ் ஓட்டியிருக்கிறேன். ஓணம் முடிந்ததும் உலர்ந்த பழங்களை ஊறப்போட்டுவிடுவேன். "உங்க கேக்கை வாயில வச்சாத்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ்" என்று போதகரம்மா நாலு பேர் நடுவில் சொன்னதை நான் ஒரு பட்டம்போல வைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத்து ஆபீசில் வேலை. சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் நானும் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் மட்டும். பள்ளிக்கூட வேனை விட்டு இறங்கியதும் அவள் நேரே அடுக்களைக்கு வந்து, "அம்மா, திங்க என்ன இருக்கு?" என்று கேட்பாள். ஓவன் வந்து இரண்டு வாரத்தில் அந்தக் கேள்வி நின்றது. பையை நாற்காலியில் எறிந்துவிட்டு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் பின் வீட்டுக்கு ஓடத் தொடங்கினாள். ஆறரை மணிக்கு நான் மதில் ஓரம் நின்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் வருவாள். அவள் தலைமுடியில் வெண்ணெயும் வெனிலாவும் மணக்கும்.

அவளுடைய பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது சொன்னாள். "அம்மா, இந்த வருஷம் கேக்கு வேண்டாம். சித்தி எனக்குப் பெரிய குக்கி ஒண்ணு செய்து தாறேன்னு சொல்லிச்சு."

"பிறந்தநாளுக்கு யாராவது பிஸ்கட்டு வெட்டுவாளாட்டி?" என்றேன்.

"பிஸ்கட்டு இல்லம்மா. குக்கி. ரெண்டும் வேற."

வேறுதான். பிறந்தநாள் அன்று என் கொழுந்தன் மனைவி அதை எடுத்துவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். சோறு உண்ணும் தட்டின் அளவு. ஓரம் பொன்னிறமாக, நடுப்பகுதி கொஞ்சம் அமுங்கிச் சுருக்கம் விழுந்து, மேலெல்லாம் சாக்லேட் துண்டுகள் பாதி உருகிய நிலையில் பளபளத்தன. கத்தி வேண்டாம் என்று சொல்லி, என் மகளின் இரண்டு கைகளையும் பிடித்து அதைப் பிட்க வைத்தாள். ஓரம் மட்டும் லேசாக முறிந்தது. உள்ளே முறியவில்லை, வளைந்து இழுபட்டது. சாக்லேட் நூலாக நீண்டு என் மகளின் முழங்கைவரை ஒட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். முதலில் மொறுமொறுப்பு, பிறகு மிட்டாய்போல மெல்லும்படியான மெத்து, கடைசியில் நாக்கில் ஒரு துளி உப்பு. நன்றாக இருந்தது. அது மட்டும் நன்றாக இல்லாமல் போயிருந்தால் நான் அவளிடம் எவ்வளவோ பிரியமாக இருந்திருப்பேன்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றேன். "ஆனா நடுவில வேவலியே மக்கா."

"அப்படித்தான் அக்கா இருக்கணும்" என்று அவள் சிரித்தாள். என் சொல்லில் இருந்த முள் அவளுக்குத் தெரியவே இல்லை. அதுவும் எனக்குக் கோபம்.

அடுத்த வாரம் யாருக்கும் தெரியாமல் நானும் செய்து பார்த்தேன். அவளிடம் போய் எப்படி என்று கேட்பதற்கு நாக்கு எழவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் சாக்லேட் சிப்ஸ் பாக்கெட் வாங்கி, அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். மகள் பள்ளிக்குப் போனதும் வட்ட ஓவனைச் சூடேற்றினேன். கேக்குக்குப் போடுகிற வெள்ளைச் சீனியும் மார்ஜரினும் போட்டேன். உருட்டி வைத்த மாவு அப்பளம்போலப் பரந்து ஓவனின் அடியோடு ஒட்டிக்கொண்டது. மறுநாள் மைதாவைக் கூடுதலாகப் போட்டேன். அது ரப்பர் ஷீட் மாதிரி வந்தது. கோழிக்குப் போட்டேன். கோழி ஒரு கொத்து கொத்திவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

அன்று மாலை மகளுக்குத் தலை சீவிக்கொண்டே விசாரித்தேன்.

"சித்தி அதில என்னட்டி போடும்?"

"நாட்டுச்சர்க்கரை கூடுதலாப் போடும். முட்டை ஒண்ணு, பிறகு மஞ்சக்கரு மட்டும் இன்னொண்ணு. பிசைஞ்ச மாவை ஃப்ரிட்ஜில வச்சுட்டுத்தான் சுடும். நடுப்பாகம் பச்சையா இருக்கும்போதே வெளிய எடுத்துரும். அந்தச் சூட்டிலேயே அது வெந்துருமாம். டிரேயில அரைமணி நேரம் தொடாம வைக்கணும்."

பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தாமல் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. "எல்லாம் தெரியுது. அம்மா கேக்கு செய்யிறது எப்படின்னு தெரியுமா உனக்கு?"

"நீங்கதான் அடுக்களைக்குள்ள விடமாட்டீங்களே" என்றாள் சாதாரணமாக. அது உண்மை. கேக் அடிக்கிற நாளில், கரண்டியைத் தொடாதே, மாவு சிந்தும், போய்ப் படி என்று விரட்டியிருக்கிறேன். உண்மை என்று தெரிந்ததும் கோபம் என் மேல் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அது பின் வீட்டைப் பார்த்தே போயிற்று. சீப்பை அழுத்தி இழுத்ததில் மகள் "ஆ" என்று கத்தினாள்.

புரட்டாசி மாதம் கொழுந்தன் மனைவிக்கு முதல் ஆர்டர் வந்தது. மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர் வீட்டில் பெண்ணுக்குப் பிறந்தநாள். பெரிய குக்கி, மேலே பெயர் எழுதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வேண்டும். தம்பிக்கு அப்போதும் வேலை கிடைக்கவில்லை. நாள் முழுக்கப் போனை வைத்துக்கொண்டு விண்ணப்பம் அனுப்பியபடி இருப்பார். அதனால் அந்த ஆர்டர் அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. அன்று காலையிலேயே என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, பயமா இருக்கு. நீங்க சும்மா பக்கத்தில வந்து இருங்க. எனக்கு அது போதும்."

போனேன். மாவை முந்தின நாளே பிசைந்து வைத்திருந்தாள். அதைத் தட்டி, வட்டமாக்கி, மேலே சிப்ஸைப் பதித்து ஓவனுக்குள் வைத்தபோது மணி பன்னிரண்டரை. அப்போதுதான் அவளுக்குப் பெட்டி நினைவு வந்தது. ஜங்ஷன் கடையில் பெரிய அட்டைப்பெட்டி சொல்லி வைத்திருந்தாளாம். ஒரு மணிக்குச் சாப்பிடக் கடையை மூடிவிடுவார்கள். தம்பி நாகர்கோவிலுக்கு நேர்காணலுக்குப் போயிருந்தார்.

"ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துருதேன் அக்கா. டைமர் அடிச்சதும் வெளிய எடுத்து மேசையில வச்சுருங்க. நடு வேவாத மாதிரிதான் தெரியும். பேடிக்காதீங்க, அதுதான் பக்குவம்." ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

நான் ஓவனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே விளக்கு எரிந்தது. மாவு மெல்லப் பரந்து, ஓரம் நிறம் மாறுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மணம் எழும்பி அடுக்களை முழுக்க நிறைந்தது. மகளின் தலைமுடியில் நான் முகர்ந்த அதே மணம். டைமர் அடித்தது. எழுந்தேன். துணியைக் கையில் எடுத்தேன். நடுப்பகுதி பளபளவென்று ஈரமாக இருந்தது.

கேக் சுடும்போது ஈர்க்குச்சியைக் குத்திப் பார்ப்போம். குச்சியில் மாவு ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த பாடம் அது. இது வேகவில்லை, பச்சை மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே அது பொய் என்றும் தெரியும். துணியை மடித்து மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. பளபளப்பு மறைந்தது. சுருக்கங்கள் விறைத்தன. பொன்னிறம் தவிட்டு நிறமாகி, ஓரம் கறுத்தது. மனதுக்குள் ஒரு நிம்மதி பரவியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிறந்தநாள் அன்று மேசையில் அதைப் பார்த்ததிலிருந்து நெஞ்சில் நின்ற ஒரு இறுக்கம் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் தளர்ந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே எடுத்தேன்.

அவள் பெட்டியோடு ஓடி வந்தாள். டிரேயைப் பார்த்ததும் நின்றாள். விரலால் நடுவில் தட்டினாள். பலகையைத் தட்டியது மாதிரிக் கேட்டது.

"டைமர் அடிக்கலியா அக்கா?"

"அடிச்சுது. நடுவில வெந்த மாதிரித் தெரியல. பாதி வேக்காட்டில குடுத்தா அந்தப் பிள்ளைகளுக்கு வயித்துக்கு ஆகாதேன்னுதான்..."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்கள் நிரம்பின. "என் தப்புதான் அக்கா. உங்களை இதில இழுத்துவிட்டுட்டு நான் போயிருக்கக் கூடாது" என்றாள். பிறகு அலமாரியைத் திறந்து பார்த்தாள். சிப்ஸ் பாக்கெட் காலியாக இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, "போன் செய்து முடியாதுன்னு சொல்லிருதேன்" என்றாள்.

அந்த நிம்மதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் போனை எடுத்ததைப் பார்த்ததும் என் கால்கள் தானாக நடந்தன. வீட்டுக்கு ஓடி, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த பாக்கெட்டை எடுத்துவந்து அவள் முன் வைத்தேன். பாதி தீர்ந்து, வாயில் ரப்பர் பேண்ட் போட்டிருந்த பாக்கெட். அவள் அதைக் கையில் எடுத்தாள். ரப்பர் பேண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சிப்ஸ் தெகையாது, இன்னும் வேணும். வீட்டில சாக்லேட் கட்டி இருக்கா?" என்றாள்.

இருந்தது. நான் நறுக்கினேன், அவள் பிசைந்தாள். ஃப்ரிட்ஜில் வைக்க நேரம் இல்லாததால் மாவை இருபது நிமிடம் ஃப்ரீசரில் வைத்தோம். இந்தத் தடவை ஓவன் முன்னால் அவள் நின்றாள். டைமர் அடித்ததும் எடுத்தாள். ஆறவைத்து, பெயர் எழுதி, பெட்டியில் வைத்து, நாகர்கோவிலிலிருந்து திரும்பியிருந்த தம்பியிடம் கொடுத்து அனுப்பியபோது ஐந்தாக இன்னும் கால்மணி இருந்தது.

பாத்திரம் கழுவும்போது சொல்லிவிட்டேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் சொல்ல முடிந்தது. "டைமர் அடிச்சப்பவே பக்குவம் ஆயிட்டுதுன்னு எனக்குத் தெரியும். வேணும்னுதான் எடுக்காம இருந்தேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"எதுக்கு அக்கா?"

"என் மக இப்ப உன் வீட்டிலதானே கிடக்கா" என்றேன். கேக் பற்றியும் சொல்ல நினைத்தேன். அது வாயில் வந்தபோது மிகவும் சின்னதாக இருந்தது. விழுங்கிவிட்டேன்.

"அதுக்கு என்கிட்ட நேராச் சண்டை போட்டிருக்கலாமே. நான் அந்த டாக்டர் வீட்டில என்ன சொல்லி நிப்பேன்னு யோசிச்சீங்களா? இவரு முகத்தை எப்படிப் பார்ப்பேன்?" அவள் குரல் உயரவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்க. மிச்சத்தை நான் கழுவிக்கிடுதேன்."

மூன்று வாரம் எங்களுக்குள் பேச்சில்லை. துணி காயப்போடும்போது எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பாள். என் மகளை அவள் தடுக்கவில்லை. நான் செய்ததை மகளிடம் சொல்லவும் இல்லை. மகளின் முகம் மாறுகிறதா என்று தினமும் பார்த்தேன், மாறவில்லை. கொழுந்தன் மனைவியால் வாயை அடக்க முடிகிறதே, என்னால் கையை அடக்க முடியவில்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். கருகிய குக்கியை என் மகள்தான் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துவந்து, பாலில் தோய்த்து நாலு நாள் தின்றாள். "இதும் நல்லாத்தான் இருக்கும்மா" என்று எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வாங்கித் தின்றேன். கடைவாயில் கசந்தது.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் கொழுந்தன் மனைவி குடையோடு என் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். பழைய விஷயத்தைப் பேசவில்லை. "நாளைக்கு மூணு ஆர்டர் உண்டு. ஒரு ஆளாச் செய்தா முடியாது. வாறீங்களா?"

"வாறேன்" என்றேன்.

அன்றிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். சாக்லேட் நறுக்குவது, நாட்டுச்சர்க்கரை சலிப்பது, மாவு பிசைவது, பெட்டி கட்டுவது எல்லாம் நான் செய்கிறேன். ஓவன் பக்கம் மட்டும் அவள் என்னை விடுவதில்லை. வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் டிரேயைத் தூக்கினால், "இஞ்ச தாங்க அக்கா" என்று வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். ஒருநாள் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு குக்கி உள்ளே வெந்துகொண்டிருந்தது. ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, டைமர் அடிப்பதற்குள் ஓடி வந்து நின்றாள். நான் நறுக்கிக்கொண்டிருந்த சாக்லேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

போன மாதம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஊர்ல இப்படி ஒரு கைப்பக்குவத்தை நான் கண்டதில்ல கேட்டியா" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்வாளோ என்று எனக்குப் பதறியது. நானே முந்திக்கொண்டு, "ஆமா, நல்லாச் செய்வா" என்றேன். நெஞ்சுக்குள் எரியத்தான் செய்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆற்றுப்பாலம் வரும்வரை எரிந்தது.