இடமே எண் என்று நம்பியவர்

சென்னீர்குப்பம் சிக்னலில் பேருந்து நகராமல் நின்றுகொண்டிருந்தபோது தாஸிடமிருந்து அழைப்பு வந்தது. ஆவடியைத் தாண்டி, முத்தாபுதுப்பேட்டை போகும் வழியில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தின் காவலாளி அவர். குழி வெட்டுவதும் அவர்தான். அவருக்கும் எனக்கும் பொதுவாகத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர் என்பதால், திரையில் பெயரைப் பார்த்ததுமே யாரைப் பற்றிய செய்தி என்று தெரிந்துவிட்டது.

“சார் பூட்டாரு மேடம்,” என்றார் தாஸ். “கோயிலுக்குக் கெளம்பிகினு இருந்தாராம். அப்டியே ஒக்காந்துட்டாரு.”

பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். குழியை எங்கே வெட்டுவது என்று சாருடைய மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் கேட்கத் தமக்குத் தைரியம் இல்லை, நான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றார். வேறு யாருடைய சாவிலும் அது சாதாரணக் கேள்வி. அருள்ராஜ் சார் விஷயத்தில் அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. அவரிடமே இருக்கவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறை ஒன்றின் மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே மூத்தவர். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே ஃபிட்டர். குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அளவு, எண்ணைச் சொன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டுகூடப் போய்விடலாம் என்று சிரிப்பார். அந்தப் புத்திதான் அவருடைய வேலையிலும் இருந்தது.

அவர் எழுதிய லைப்ரரி ஒன்றை, அதாவது ஒரு பொது நிரல்தொகுப்பை, நாங்கள் எல்லோரும் எங்கள் நிரல்களில் இணைத்துக்கொண்டு பிழைத்தோம். எண்ணைக் கொடுத்தால் பதிவை எடுத்துத் தரும், அவ்வளவுதான் அதன் வேலை. கோப்பில் எல்லாப் பதிவுகளும் ஒரே நீளம். நூறாவது பதிவு வேண்டுமென்றால் தேட வேண்டாம், நீளத்தை எண்ணால் பெருக்கி நேரே அங்கே குதித்துவிடலாம். பதிவுக்குள்ளே அதன் எண்ணைத் தனியாக எழுதி வைப்பதை அவர் வீண் என்பார். “இடமேதாம்மா எண். அப்புறம் எதுக்கு நெத்தியில வேற ஒட்டணும்?” என்று என்னைப் பலமுறை கேலி செய்திருக்கிறார்.

ஒரு பதிவை நீக்கினால்கூட அது கோப்பைவிட்டுப் போகாது. அதன் முதல் எழுத்தாக ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். இடம் அப்படியே கிடக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடம் இது: “ரயில் சீட்ல ஒருத்தர் எறங்கிட்டா சீட்டு காலியா இருக்கும். பக்கத்து சீட்டு நகர்ந்து வராது. இது ரேஷன் கடை கியூ இல்ல.” அவர் பாடம் நடத்தும்போது நாங்கள் கொட்டாவி விடுவோம். அவரும் கண்டுகொள்ள மாட்டார்.

திருமணமாகி நீண்ட காலம் கழித்து அவருக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த வாரமே போய்விட்டது. அக்கா ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்ததால் சார் அவரைவிட்டு அசையவில்லை. சாருடைய அப்பாதான் குழந்தையைக் கொண்டுபோய், இப்போது தாஸ் காவல் காக்கும் தோட்டத்தில் அடக்கம் செய்தார். கல் எழுப்ப மனமும் இல்லை, வசதியும் இல்லை. எண் எழுதிய ஒரு மரச் சிலுவைதான் அடையாளம். குழந்தைக்கு ஜெனி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைக்கூட அவர் எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்துத்தான்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் பதிவுகளைக் கணினியில் ஏற்றித் தரும்படி நிர்வாகக் குழுவினர் கேட்டபோது சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். முதல் குழி முதல் பதிவு, இரண்டாம் குழி இரண்டாம் பதிவு. முன்பதிவு செய்துவிட்டுப் பிறகு வேண்டாம் என்றவர்களின் இடங்களுக்கு நட்சத்திரக் குறி. குழி எண்ணுக்கென்று தனிக் கட்டம் வைக்கவில்லை. இடமே எண் அல்லவா?

பிறகு புதுக் கணினிகள் வந்தன, லைப்ரரியையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. அப்போது உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர், நீக்கிய சரக்கெல்லாம் பட்டியலில் வந்து மானத்தை வாங்குகிறது என்று தினமும் சண்டைக்கு வந்துகொண்டிருந்தார். தொல்லை பொறுக்காமல் சார், நட்சத்திரக் குறி உள்ள பதிவுகளைத் தாண்டிப் படிக்கும்படி லைப்ரரியைத் திருத்தினார். கடைக்காரர் ஸ்வீட் பெட்டியோடு வந்து கைகொடுத்துவிட்டுப் போனார். அதே லைப்ரரியை வைத்துத்தான் சார் கல்லறைக் கோப்பையும் புதுக் கணினிக்கு மாற்றினார். காலி இடங்களெல்லாம் கோப்பிலிருந்து சத்தமில்லாமல் விடுபட்டுப்போயின. பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்து நின்றுகொண்டார்கள். ஊருக்கெல்லாம் ரயில் சீட்டுப் பாடம் நடத்தியவர் கையாலேயே அது ரேஷன் கடை வரிசையாகிவிட்டது.

யாருக்கும் தெரியவில்லை. மண்ணில்தான் மரச் சிலுவைகள் இருந்தனவே, கோப்பை யார் பார்த்தார்கள்? வெள்ளம் வந்த வருஷம், எல்லாம் போயிற்று. சிலுவைகள் அடித்துக்கொண்டு போயின. தோட்டத்தின் காகிதப் பதிவேடும், கீழ்த்தள அறையில் இருந்த எங்கள் அலுவலகத்தின் பழைய பிரதிகளும் ஊறி வீணாயின. தண்ணீர் வடிந்ததும் குழுவினர் தோட்டம் முழுக்க லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கினார்கள். கல் எழுப்பியவர்களின் கல்லறைகள் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நின்றன. மற்றவர்களுக்கு சாருடைய கோப்பைப் பார்த்து, நாடா பிடித்து அளந்து, புதுச் சிலுவைகளை நட்டார்கள்.

நட்ட சில நாட்களில் ஒரு அம்மா சாரைத் தேடி வந்தார். கணவரை இழந்தவர், வீட்டு வேலை செய்து பிழைப்பவர். அன்று நானும் உடன் இருந்தேன். அவர் சண்டை போடவில்லை. “என் ஊட்டுக்காரரு பக்கத்துல ஒரு வேப்பமரம் கீது சார். நீ நட்ட எடத்துலேர்ந்து மரம் அவ்ளோ தூரம் தள்ளி நிக்குது. மரமா நடந்து போயிருக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

சாருடைய முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வேறு யாருக்கும் புரிவதற்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டது.

மூடி மறைத்திருக்கலாம். பழி போட வெள்ளம் இருந்தது, லாரிக்காரர் இருந்தார், எதுவும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது கம்ப்யூட்டர். அவரோ ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார். “மெஷின் தப்பு பண்ணல. நான்தான் பண்ணேன்,” என்றார். ஒரு பெரியவர் அவரைக் கை நீட்டித் திட்டினார். சார் கடைசிவரை தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருடைய சனிக்கிழமைகள் எல்லாம் அங்கேயே கழிந்தன. நாடாவின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையைத் தாஸ். கல்லில் பெயர் உள்ளவர்களை வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு கல்லறை உண்மையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, கோப்பில் எத்தனையாவதாக இருக்கிறது என்று பார்த்தால் அதுவரை எத்தனை காலி இடம் விடுபட்டது என்று தெரிந்துவிடும். இரண்டு கல்லறைகளுக்கு நடுவே அந்த வித்தியாசம் மாறவில்லை என்றால், இடையில் இருப்பவர்கள் எல்லோரும் உறுதி. இம்முறை குழி எண்ணுக்குத் தனிக் கட்டம் வைத்து, உறுதியானவர்களுக்கு மட்டும் நிரப்பிக்கொண்டே வந்தார். வேப்பமரத்து அம்மாவின் கணவர் கிடைத்துவிட்டார். ஏறக்குறைய எல்லோருமே கிடைத்தார்கள்.

ஜெனி கிடைக்கவில்லை. ஒரு ஆசிரியையின் கல்லறைக்கும் ஒரு ஃபோர்மேனின் கல்லறைக்கும் நடுவே அவள் இருந்தாள். அந்த இடைவெளியில்தான் ஒரு காலி இடம் விடுபட்டிருந்தது. அவளுக்கு முன்னால் விடுபட்டதா, பின்னால் விடுபட்டதா என்று சொல்ல ஓர் ஆதாரமும் இல்லை. அடுத்தடுத்து இரண்டு இடங்கள். ஒன்றில் ஜெனி, மற்றதில் வேறு யாரோ, அல்லது யாருமே இல்லை. தோண்டிப் பார்த்துவிடலாம் என்றார் தாஸ். “பிஞ்சு ஒடம்பு தாஸு. இத்தன வருஷத்துல மண்ணாயிருக்கும். தோண்டினா தெரியாது. அடுத்தவங்களத்தான் எழுப்பி விட்ருவோம்,” என்றார் சார். பக்கத்துப் பதிவுகளின் குடும்பங்களைத் தேடினார். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், மாற்றலாகி எங்கெங்கோ போய்விட்டவர்கள். பேசக் கிடைத்த ஒருவருக்கும் இடம் நினைவில்லை. சாருடைய அப்பாவும் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். பழைய சிலுவையில் இருந்த எண்ணை, கோப்பில்தான் இருக்கிறதே என்று சார் தனியாகக் குறித்து வைக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பல வருஷம் ஆனபின் குடும்பத்தில் இன்னொருவர் இறந்தால் பழைய குழியையே திறந்து அதில் வைப்பார்கள். தாய்க்குப் பக்கம் மகன், கணவனுக்குப் பக்கம் மனைவி என்று மண்ணுக்குள் மறுபடி குடும்பம் கூடும். பிறந்ததிலிருந்து அடங்கும்வரை பிள்ளையை ஒரு தடவைகூடக் கையில் வாங்காத சாருக்கு அந்த வழக்கம் ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. “அங்க போய்த் தூக்கிக்கிறேன்,” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அது வெள்ளம் வருவதற்கு முன்னால்.

கோப்பு அவர் கையில்தான் இருந்தது. இரண்டில் ஓர் எண்ணை ஜெனியின் கட்டத்தில் போட்டிருந்தால் உலகத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். போடுங்கள் சார், யாருக்கு என்ன நஷ்டம் என்று நானே கோபத்தோடு சண்டை போட்டேன். “தெரியாததத் தெரியும்னு எழுதவா?” என்று மட்டும் கேட்டார். அந்த நேர்மைமேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான் வருகிறது. கொஞ்சம் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் மனிதர் நிம்மதியாகச் செத்திருப்பார்.

அன்று பேருந்திலிருந்து இறங்கி ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் சாரைக் கிடத்தியிருந்தார்கள். நிர்வாகக் குழுவினரும் வந்திருந்தார்கள். நல்லவர்கள். இரண்டில் ஒன்றைத் திறந்துவிடலாம், கடவுளுக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். நானும் அதையே சொல்லத்தான் வாயெடுத்தேன். ஸ்டெல்லா அக்கா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“வேணாம். என் புள்ளன்னு நெனச்சி அடுத்தவங்க புள்ள பக்கத்துல அவர வச்சிட்டு வரவா? அவரே ஒத்துக்க மாட்டாரு. புதுசாவே வெட்டச் சொல்லுங்க.”

புது இடம் மதில் ஓரத்தில்தான் மிச்சம் இருந்தது. தாஸ் வெட்டினார். நான்கு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய குழியின் எண் எங்கள் எல்லோருக்கும் தெரியும், கோப்பில் நானே ஏற்றினேன். ஜெனியின் கட்டத்தைத் தொடவில்லை. இனி அதை நிரப்ப ஆளில்லை.

உங்களிடம் கற்றதை வைத்துத்தான் இன்றும் சோறு சாப்பிடுகிறேன், சார். அமைதியாக இருங்கள் என்று வாழ்த்த வாய் வரவில்லை. இருக்க மாட்டீர்கள் என்று தெரியும். போய் வாருங்கள்.

கூட்டம் கலைந்தபின் அக்கா மதில் ஓரத்திலிருந்து மெதுவாக நடந்து, ஆசிரியையின் கல்லறையைத் தாண்டி, அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே போய் நின்றார். விழுந்துவிடப் போகிறாரே என்று நானும் பின்னாலேயே போனேன். அக்கா இடப்பக்கம் குனிந்து, “ஜெனி, அப்பா வந்துட்டாரும்மா,” என்றார். பிறகு வலப்பக்கம் திரும்பிக் குனிந்து அதையே மறுபடியும் சொன்னார்.